தேவதாசுக்கு ஓடிபி வரவில்லை

ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று அவன் பெண்டாட்டி சொல்லலாம், டாக்டர் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரன்கூடச் சொல்லலாம். அதெல்லாம் வாய்ப்பேச்சு. அரசாங்கம் நம்புகிற மாதிரி சொல்ல வேண்டுமென்றால் புதுச்சேரி உப்பளம் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிற உயிர்ச்சான்றுப் பிரிவுதான் சொல்ல வேண்டும். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் படிகளை ஏறிப் போய், தாங்கள் இன்னும் சாகவில்லை என்று நிரூபித்துவிட்டு இறங்கி வருவார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படியேற முடிகிறவரைக்கும்தான் பென்ஷன் என்பதில் ஒரு நியாயம் இருப்பதாக அங்கே வேலை பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் பெயர் தேவதாஸ். சாரம் பகுதியில் வீடு, பிரிஸ்கில்லா என்ற மனைவி, அகஸ்டினா என்ற ஒரே மகள். மனிதர் லஞ்சம் வாங்க மாட்டார். வாங்கியிருந்தால் ஜனங்களுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "ரூல்னா ரூல்தான்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை.

முன்பெல்லாம் அங்கே முகத்தைக் காட்டினால் போதும். தேவதாஸ் வந்த பிறகுதான் அதிலுள்ள ஆபத்தை உணர்ந்தார். "முகத்தை எவர் வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டக்கூடும் என்பதாலும், கண்ணால் காண்பது மட்டுமே போதிய ஆதாரமாகாது என்பதாலும்" என்று ஆரம்பித்து மேலிடத்துக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். மேலிடம் அதைப் படித்து நேரத்தை வீணாக்காமல் உடனே ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து பென்ஷன்காரர் பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி வர வேண்டும். நம்பர் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். வராவிட்டால் அவர் பெயருக்கு எதிரே 'நிலுவை' என்று எழுதப்படும்.

மணியம்மாள் என்று ஒரு அம்மாள், சாரத்து மாதா கோயில் வாசலில் மெழுகுத்திரி விற்பவள், செத்துப்போன புருஷனுடைய பென்ஷனுக்காகப் படியேறி வந்தாள். அவள் போன் கீழே விழுந்து உடைந்திருந்தது.

"நான்தான் எதிர்ல நிக்கிறனே சார்" என்றாள்.

"நிக்கிறீங்கம்மா. யாரு இல்லேன்னா" என்றார் தேவதாஸ், கனிவாகவே. "நிக்கிறதுக்கு ஒரு அத்தாட்சி வேணுமில்ல?"

அவள் இப்போதும் நிலுவையில்தான் இருக்கிறாள்.

இப்படியாக ஊரில் பாதிப் பேரை உயிருக்கும் சாவுக்கும் நடுவில் தொங்கவிட்டிருந்த தேவதாசுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை மரிய அருண், பிரான்சில் துலூஸ் நகரத்தில் வேலை. தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சு நேஷனாலிட்டி. பையன் நல்லவனா, குடிப்பானா என்று விசாரிப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட் என்ன நிறம் என்று விசாரிக்கிற வீடுகள் நம் ஊரில் கொஞ்சமா நஞ்சமா? தேவதாசும் நிறத்தைத்தான் முதலில் விசாரித்தார். அகஸ்டினா அப்படியில்லை. அரியாங்குப்பத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் பரிமாற ஆள் போதாமல், அந்தப் பையன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இலைக்கு இலை குனிந்து ரசம் ஊற்றியதை அவள் பார்த்திருந்தாள். அவளுக்கு அவனை மனசாரப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாயார் ஃபிலோமின் மதாம் முடிவைத் தன் வாயால் சொல்வதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பெண்ணின் தகப்பனாரை வீடியோ காலில் கூப்பிடுவார். சரி என்று சொல்லிவிட்டால் மாதா கோயிலில் சாமியார் கல்யாண ஓலை படித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்க வேண்டியதுதான். கூப்பிடப் போவது தேவதாசின் நம்பருக்கு. ஏனென்றால், ஓலை படிக்கிறவரைக்கும் பெண்ணின் நம்பரை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் தேவதாஸ் பெரிய மார்க்கெட்டில் வஞ்சரம் வாங்கினார். மறுநாள் வெள்ளிக்கிழமை, வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். வீட்டுக்கு வந்து சட்டைப்பையைத் தடவினார். போனைக் காணோம். பிரிஸ்கில்லாவின் போனிலிருந்து அடித்துப் பார்த்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. வேறு யாராவது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வீட்டில் தேடியிருப்பார்கள். தேவதாஸ் விதிமுறை அறிந்தவர். நேரே 'காணாமற்போன கைப்பேசிகள் மீட்புத் தனிப்பிரிவு'க்குப் போய், அடையாளம் தெரியாத நபர் தமது கைப்பேசியைக் களவாடிவிட்டதாக எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். போனும் நம்பரும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடக்கப்பட்டன. அரசாங்கத்தில் ஒரு காரியம் அவ்வளவு வேகமாக நடந்தது அவரையே நெகிழ வைத்தது.

மறுநாள் காலையில் பிரிஸ்கில்லா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, உங்க போனு வஞ்சரத்துக்கு அடியில இருக்குது."

காசு கொடுக்கும்போது போனை மீன் பைக்குள் போட்டிருக்கிறார். அவள் பையோடு தூக்கி ஃப்ரீஸரில் வைத்திருக்கிறாள். போன் கல்லாய் உறைந்து கிடந்தது. துடைத்துவிட்டு, பேசாமல் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தேவதாஸ் தேவதாசாயிற்றே. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, போனை ஒரு கர்ச்சீப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு தனிப்பிரிவுக்கு ஓடினார்.

அங்கே இன்ஸ்பெக்டர் கலைவாணன் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், 'விதி என்றால் விதிதான்' என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"போன் கிடைச்சிடுச்சு சார்" என்றார் தேவதாஸ்.

"யாருக்கு?"

"எனக்குதான்."

"அது எப்படி சார் உங்களுக்குக் கிடைக்கும்? கண்டுபிடிக்கிறது எங்க வேலையாச்சே."

"வீட்லதான் இருந்துது. ஃப்ரிட்ஜுல."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "அப்போ திருடன் உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல பதுக்கியிருக்கான்."

"திருடனே இல்ல சார். நான்தான் மீன் பையில போட்டுட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. அடையாளம் தெரியாத நபர்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. திருடன் இல்லேன்னா அது பொய்ப் புகார். திருடன் உண்டுன்னா, திருட்டுப் போன் இப்ப உங்க கையில இருக்குது. ரெண்டுமே கேசுதான். எது வேணும், நீங்களே சொல்லுங்க."

தேவதாசுக்கு இரண்டுமே வேண்டாம். ஆனாலும் இந்த வாதத்தின் அழகை அவரால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

"மூணாவது வழி ஒண்ணு இருக்குது" என்றார் இன்ஸ்பெக்டர். "போனை நாங்க மீட்டுட்டோம்."

"எங்கிருந்து?"

"உங்ககிட்ட இருந்து." கர்ச்சீப்போடு போனை வாங்கி உறையில் போட்டு அரக்கு வைக்கச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு விழா. முக்கியப் பிரமுகர் கையால உங்களுக்கே ஒப்படைப்பாங்க. பேப்பர்ல போட்டோ வரும்."

"சார், அதே நாலு மணிக்கு எனக்கு ஒரு போன் வருது. பொண்ணு கல்யாண விஷயம். இப்பவே குடுத்துட்டீங்கன்னா..."

"மீட்பு வேற, ஒப்படைப்பு வேற சார். நடுவுல பிரமுகர் இருக்காரு." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு என்னைத் தெரியாது. எங்கப்பாவை வீல்சேரோட தூக்கிக்கிட்டு உங்க மாடிக்கு வந்தேன் ஒரு தடவை. ரூல்னா ரூல்தான்னு சொல்லித் திருப்பி அனுப்புனீங்க. அன்னிக்குக் கோவம்தான் வந்துது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். எவ்ளோ பெரிய வார்த்தை. அதான் இங்க மாட்டி வச்சிருக்கேன்."

தேவதாஸ் அந்தச் சட்டத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அகஸ்டினா, "இதுக்கா இவ்ளோ கவலை? அருணுக்கு நான் சொல்லிடறேன். அம்மா நம்பருக்குப் பண்ணச் சொன்னா முடிஞ்சுது" என்றாள்.

"அருண் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கொஞ்சம் தாமதித்து, "தெரியாது" என்றாள்.

"தெரியாதுல்ல? அப்ப சும்மா இரு. பொண்ணு முந்திக்கிட்டுப் பேசுச்சுன்னு ஒரு பேரு வந்தா சபையில நான் தலைகாட்ட முடியாது."

"ஏங்க, அவ பேசினாத்தான் என்னா?" என்று பிரிஸ்கில்லா கேட்டாள். அப்படி ஒரு வழி அந்த வீட்டு விதிகளில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா மண்டபத்தில் ஷாமியானா, சீரியல் விளக்கு, மாலை எல்லாம் தயாராக இருந்தன. ஒன்றில்தான் குறை. மீட்ட போன்களை மேஜைமேல் பரப்பி வைத்தபோது மேஜை பாதி காலியாகக் கிடந்தது. ஊர்த் திருடர்கள் அந்த மாதம் சரியாக ஒத்துழைக்கவில்லை. பிரமுகர் வந்து பாதி மேஜையைப் பார்த்தால் தனிப்பிரிவையே கலைத்துவிடுவார் என்று இன்ஸ்பெக்டருக்குப் பயம் வந்துவிட்டது. "நம்ம போனையெல்லாம் எடுத்து வைங்க" என்று உத்தரவிட்டார். காவலர்கள் எடுத்து வைத்தார்கள். அவரும் தன்னுடையதை வைத்தார்.

அங்கேதான் எழுத்தர் ஒருவர் நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினார். மேஜைமேல் இருப்பது மீட்ட போன் என்றால், அது முன்னதாகத் திருடு போயிருக்க வேண்டும். திருடு போயிருந்தால் புகார் இருக்க வேண்டும். நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது? சரி என்று எல்லோரும் உட்கார்ந்து, அடையாளம் தெரியாத நபர் மீது ஆளுக்கொரு புகார் எழுதிக் கொடுத்தார்கள். புகார் பதிவான கையோடு மேஜைமேல் இருந்த அத்தனை போன்களும் முடங்கின. மேஜை நிறைந்துவிட்டது. பார்க்கப் பெருமையாக இருந்தது.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களிலும் சிலருக்கு ஆசை வந்தது. பிரமுகர் கையால் வாங்கி, பேப்பரில் படம் வருவதென்றால் சும்மாவா? "இத்தனை வெலை குடுத்து வாங்கின போனு, எவனும் திருடலேன்னா நமக்கு அசிங்கமில்ல?" என்று ஒரு அம்மாள் புருஷனைக் குத்தினாள். அவரும் வரிசையில் போய்ப் புகார் எழுதினார். போன் களவு போகாதவர்கள் பின்வரிசையில் கொஞ்சம் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

நாலு மணி ஆயிற்று. பிரமுகர் வரவில்லை. தேவதாஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரக்கு வைத்த உறைக்குள் அவர் போன் செத்துக் கிடந்தது.

நம் ஊரில் நாலு மணி அடித்த அதே நேரத்தில் துலூசில் ஃபிலோமின் மதாம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த தன் அண்ணன் பிரான்சுவாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நம்பரை அழுத்தினார். வீடியோ போகாததால் சாதாரணமாகக் கூப்பிட்டார். ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொன்னது: "நீங்கள் அழைக்கும் எண், திருட்டுச் சம்பவம் தொடர்பாக முடக்கப்பட்டுள்ளது." மதாம் மறுபடி அழுத்தினார். குரல் மறுபடியும் அதையே சொன்னது.

பிரமுகர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். தேவதாசை மேடைக்குக் கூப்பிட்டு, இந்தப் பக்கம் இரண்டு காவலர், அந்தப் பக்கம் இரண்டு காவலர் நிற்க, போனைக் கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள். கீழே இறங்கியதும் ஒரு காவலர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"படத்துக்குத்தான் சார் குடுத்தது" என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னும் முடக்கம் எடுக்கல இல்ல? அதுக்கு என் போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைப் போட்டாத்தான் உங்களுது திறக்கும்."

"வரட்டும் சார், இருந்து வாங்கிட்டே போறேன்."

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மேஜையைப் பார்த்தார். தேவதாசும் பார்த்தார்.

"மேலிடத்துக்கு எழுதறோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆவன செய்வாங்க."

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நம் ஊர்ப் பேப்பரில் ஒரு ஆளை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் போலீஸ் நிற்கிற படம் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்னால் மேஜை, மேஜைமேல் வரிசையாகச் செல்போன்கள், நடுவில் விழி பிதுங்கி நிற்கிற தேவதாஸ். கீழே எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை. படித்தவர்களும் படத்தைத்தான் நம்பினார்கள். மத்தியானத்துக்குள் அது துலூசுக்குப் போய்விட்டது. "எத்தனை போன் திருடியிருக்கான் பாருங்க மனுஷன்" என்று ஃபிலோமின் மதாம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அகஸ்டினா அன்று ராத்திரி அருணிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவள் அவனிடம் பேசாத நாளே இல்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேவதாசிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அருண் ஒரு யோசனை சொன்னான். அம்மா யார் பேச்சையும் கேட்க மாட்டாள், மாமா பேச்சை மட்டும் கேட்பாள். பிரான்சுவா மாமா இந்த வாரம் புதுச்சேரிக்குத் திரும்புகிறார். பென்ஷன் விஷயமாக அவர் எப்படியும் உயிர்ச்சான்றுப் பிரிவுக்குப் போக வேண்டும். தான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல் பெண்ணின் தகப்பனாரை நேரில் பார்த்து, மனிதர் எப்படி என்று எடைபோட்டுச் சொல்வார்.

மறுநாள் காலையில் அகஸ்டினா தகப்பனாரிடம், "அப்பா, இந்த வாரம் ஆபீசுக்கு வர்றவங்ககிட்ட கொஞ்சம் நல்லபடியா பேசுங்கப்பா" என்றாள்.

"நான் என்னிக்கு மரியாதைக் குறைவாப் பேசினேன்?" என்று தேவதாஸ் ஸ்கூட்டரை எடுத்தார். அது உண்மைதான். எல்லோரையும் மரியாதையாகவே திருப்பி அனுப்புவார்.

பிரான்சுவா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முட்டிவலியோடு இரண்டு மாடி ஏறி வந்து தேவதாசின் முன்னால் நின்றார்.

"போன்ழூர் முசே. உயிர்ச்சான்று வேணும்."

"ஓடிபி?"

"போனு வேலை செய்யல. தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரத்துல பில் கட்டலைன்னு நிறுத்திட்டான். இப்ப கட்டிட்டேன். தொறக்க ரெண்டு நாள் ஆவும்ங்கறான்."

"அப்ப ரெண்டு நாள் கழிச்சு வாங்க முசே. அதுவரைக்கும் நீங்க நிலுவை."

"நிலுவைன்னா?"

"இருக்கீங்கன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது."

"முட்டி வலிக்குது முசே. திரும்ப ஏறி வரது கஷ்டம். நான் இருக்கேன்னு உங்களுக்கே தெரியுதே."

"எனக்குத் தெரியுது. எனக்குத் தெரிஞ்சு என்னா பிரயோஜனம்? ரூல்னா ரூல்தான்."

பிரான்சுவா தொப்பியை மாட்டிக்கொண்டார். "சாத் நாட்டுப் பாலைவனத்துல குண்டு விழுந்து மண்ணுக்குள்ள கிடந்தேன். தோண்டி எடுத்தவன் மூச்சு வருதான்னுதான் பார்த்தான். மெர்சி முசே" என்று சொல்லிவிட்டுப் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். தேவதாஸ் அவர் பெயருக்கு எதிரே நிலுவை என்று எழுதினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பிரிஸ்கில்லா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் மாமா வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார் என்றாள். சாத் நாடு, முட்டிவலி, தொப்பி என்று அவள் சொல்லச் சொல்ல தேவதாஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்னுட்டாரா?"

"சம்மதம்னு சொல்லிட்டாரு. பொண்ணு தங்கம்னாரு. உங்களப் பத்தியும் சொன்னாரு."

"என்னா சொன்னாரு?"

பிரிஸ்கில்லா வார்த்தை மாறாமல் சொன்னாள். "'ஊரெல்லாம் உங்க வூட்டுக்காரரைத் திருடன்னு பேசுது. திருடனா இருந்தாகூட நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்மா. திருடன் எடுக்கறத எடுத்துக்கிட்டுப் போயிடுவான், நீ இருக்கியா இல்லியான்னு கேக்க மாட்டான்'னாரு."

அகஸ்டினா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"ஒரே ஒரு காகிதம் மட்டும் கேட்டாரு" என்றாள் பிரிஸ்கில்லா. "பிரான்சுல கல்யாணத்தைப் பதியறதுக்குப் பொண்ணோட தாய் தகப்பன் உயிரோட இருக்காங்கன்னு அத்தாட்சி வேணுமாம். உங்க ஆபீஸ் சான்றுதான் செல்லுமாம்."

தேவதாசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் ஆபீஸ், தன் நாற்காலி, தன் முத்திரை. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் விண்ணப்பம் எழுதி, பிரிவு எழுத்தர் நிர்மலாதேவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அவரிடம் பல வருஷம் பயிற்சி பெற்றவள். பிரிஸ்கில்லாவின் போனுக்கு ஓடிபி வந்து அவள் உயிரோடு இருப்பது ஐயமற நிரூபணமாயிற்று. அடுத்து தேவதாஸ்.

"ஓடிபி சொல்லுங்க சார்."

"என் போன் முடங்கிக் கிடக்குதேம்மா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"தினம் எதிர்லதான உக்காந்திருக்கேன்."

"பார்க்கறேன் சார். ஆனா கண்ணால காண்பது போதிய ஆதாரமாகாதுன்னு நீங்கதான குறிப்பு எழுதினீங்க?"

"சரி, விலக்கு குடு. விலக்கு குடுக்கக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் உண்டு. கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

நிர்மலாதேவி தயங்கினாள். "போடலாம் சார். ஆனா கண்காணிப்பாளர் உயிரோட இருக்காருன்னு இன்னும் நிரூபணம் ஆவலியே. இல்லாதவர் கையெழுத்து போட்டா தணிக்கையில கேப்பாங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அவள் வருத்தத்தோடு அவர் பெயருக்கு எதிரே நிலுவை என்று எழுதுவதை அவர் நின்று பார்த்தார். தனிப்பிரிவுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டரின் போனைத் திறக்க அவருடைய மேலதிகாரியின் போனுக்கு ஓடிபி வர வேண்டுமாம். மேலதிகாரியும் விழாவுக்கு வந்திருந்தார். அவர் போனும் மேஜையில்தான் இருந்தது.

வாரம் ஓடிப்போயிற்று. கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த அருணின் லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு நாள் அகஸ்டினா தகப்பனாரின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு அவனைப் பிடிச்சிருக்குதுப்பா. நான் அவனைத்தான் கட்டிக்குவேன். ஊர்ல எல்லாரையும் நிலுவையில போட்டீங்க. என்னையும் போட்டுடாதீங்க."

அவள் கண் கலங்கியதைத் தேவதாஸ் பார்த்தார். "நான் என்னாம்மா பண்ணட்டும்?" என்றார். அந்தக் கேள்வியை அவர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வழி சொன்னவர் பிரான்சுவாதான். அதற்குள் அவருடைய போன் திறந்துவிட்டது, அவரும் உயிரோடு இருப்பவராகிவிட்டார். "இருக்கிறவருக்குத்தான் முசே அத்தாட்சி வேணும். இல்லாதவருக்கு எதுக்கு? காலஞ்சென்றவர்னு போட்டுட்டா காகிதம் சுளுவா முடிஞ்சிடும். சாமியார் கோயில்ல ஓலை படிக்கறப்ப யாரும் மறுத்துப் பேசலேன்னா அதுவே சாட்சி" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று தேவதாஸ் உற்றுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

தேவதாஸ் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாவது நாள் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. தேவதாஸ் எப்போதும் உட்காருகிற மூன்றாவது பெஞ்சில், வெள்ளைச் சட்டை போட்டு, மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த புது சாமியார் காகிதத்தை எடுத்து வாசித்தார்.

"காலஞ்சென்ற தேவதாஸ், திருமதி பிரிஸ்கில்லா இவர்களின் மகள் அகஸ்டினாவுக்கும், துலூஸ் நகரத்தைச் சேர்ந்த மரிய அருணுக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது. இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கோயில் முழுவதும் திரும்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தது. தேவதாசோடு முப்பது வருஷம் பழகியவர்கள் இருந்தார்கள். சீட்டு போட்டவர்கள், தம் பிள்ளைக்கு அவரை ஞானத்தகப்பனாக வைத்தவர்கள், முந்தின நாள்கூட அவரோடு டீ குடித்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு சாமியார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்கள். அச்சடித்த காகிதம். மெதுவாக ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பின்னால் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டு "பாவம்" என்றாள்.

தடை இருப்பதை அறிந்தவர் தேவதாஸ்தான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். அப்போது கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போதிய ஆதாரம் இல்லாமல் சபையில் பேசுவது முறையல்ல என்று அவருக்குப் பட்டது. உட்கார்ந்துவிட்டார்.

பூசை முடிந்ததும் ஜனங்கள் வரிசையாக வந்து பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். கல்யாணச் சமயத்தில் அவர் இல்லாமல் போய்விட்டாரே என்றார்கள். பக்கத்தில் நின்ற தேவதாசைத் தள்ளிக்கொண்டு போகாமல் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிரிஸ்கில்லாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தேவதாஸ் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலுக்கு வந்தார். மணியம்மாள் மெழுகுத்திரிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஓலை படித்தது ஒலிபெருக்கியில் அவளுக்கும் கேட்டிருந்தது.

"நான்தான் எதிர்ல நிக்கிறனேம்மா" என்றார் தேவதாஸ்.

அவள் நிமிர்ந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நிக்கிறீங்க சார். யாரு இல்லேன்னா" என்றாள், கனிவாகவே. கூடையிலிருந்து ஒரு மெழுகுத்திரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கல்லறைக்குத்தான? காசு வேணாம், எடுத்துக்கினு போங்க."